பரணில் பூண்டு, கீழே குதிரை

வாசகர் கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு முப்பது சென்ட் இடமும் வீடும் இருக்கின்றன. வீட்டை ஒட்டிய நான்கு சென்ட்டில் மலைப்பூண்டு போடுகிறோம். மூன்று ஆண்டுகளாக ஒரு கொட்டகை கட்டி, பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்குத் தங்கவைத்துப் பராமரித்தும் வருகிறோம். இப்போது ஆறு மட்டக்குதிரைகள் இருக்கின்றன. போன பருவத்தில் லாயத்தில் வாரிய லத்தியையும் மரத்தூளையும் அப்படியே பாத்தியில் கொட்டி நட்டோம். முதலில் பயிர் மஞ்சளடித்தது, பிறகு தாள் தாளாக ஓங்கி வளர்ந்தது, காய் சிறுத்துப்போய், எடுத்து வைத்ததும் பாதி அழுகிவிட்டது. மிஞ்சியதை லாயத்துக் கூரையில் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு வாரத்தில் மூன்று கட்டுகளைக் குதிரையொன்று எட்டி இழுத்துத் தின்றுவிட்டது. நான்கு கிலோவாவது இருக்கும். அதன்பின் அது காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தது, சோர்ந்து நின்றது. ஈ வராமல் இருக்கத் தினமும் பூண்டு கொடுங்கள் என்று எங்களிடம் சொன்னவரும் அதே உரிமையாளர்தான். இப்போது எங்களைக் குறை சொல்கிறார். இன்னொருவர் நான்கு மாதமாகப் பணமும் தரவில்லை, ஆளையும் காணவில்லை. அவருடைய பெட்டைக் குதிரை சினையோ என்ற சந்தேகமும் இருக்கிறது. என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் பூண்டைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவன் என்பதால் காப்பி நிறச் சிறுநீரிலிருந்து தொடங்குகிறேன், அது காத்திருக்காது.

வெங்காயமும் பூண்டும் ஒரே குடும்பம். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் குதிரையின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினைச் சிதைத்து, அணுவுக்குள் சிறு சிறு திட்டுகளாகப் படியச் செய்கின்றன. ஹைன்ஸ் திட்டுகள் என்று நாங்கள் சொல்லும் இவை ஏறிய சிவப்பணுக்களை உடல் தானே அழித்துவிடும். அழிவு மெதுவாக நடந்தால் ரத்தசோகையோடு நிற்கும்; வேகமாக நடந்தால் உடைந்த அணுக்களின் நிறமி சிறுநீரில் இறங்கி அதைக் காப்பி நிறமாக்கும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உலர்த்திய பூண்டைக் குதிரைகளின் முன் வைத்தபோது அவை தாமாகவே விரும்பித் தின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.2 கிராமுக்கு மேல் என்ற அளவில் தொடர்ந்து தின்றவற்றுக்கு இந்த ரத்தசோகை வந்தது. வேண்டாததைக் குதிரை தானே ஒதுக்கிவிடும் என்று நம்மிடையே உள்ள எண்ணம் பூண்டின் விஷயத்தில் செல்லாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். குதிரையின் எடையை நாடா ஒன்றை வைத்தே ஓரளவு அறியலாம்: முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 275 கிலோ. கொடைக்கானலில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளில் நல்ல வாட்டசாட்டமானது அந்த எடை இருக்கும். அப்படிப்பட்ட குதிரைக்கு அந்த ஆய்வின் அளவு, நாளொன்றுக்கு உலர்ந்த பூண்டு 55 கிராம். ஈரப்பதத்தைக் கணக்கில் சேர்த்தால் பச்சைப் பூண்டு சுமார் 150 கிராம். ஒரு வாரத்தில் நான்கு கிலோ தின்ற உங்கள் குதிரை அதைத் தாண்டிவிட்டது.

அதற்காகப் பூண்டுதான் காரணம் என்று இங்கிருந்தபடியே நான் தீர்ப்பெழுதமாட்டேன். காப்பி நிறச் சிறுநீருக்கு வேறு இரண்டு காரணங்களும் உங்கள் ஊரில் சாதாரணம். உண்ணி கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணிக் காய்ச்சல் ஒன்று. மற்றொன்று, பல நாள் நல்ல தீனியோடு சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று நாள் முழுதும் சவாரிக்கு ஓட்டும்போது தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்குவது. பழைய குதிரைக்காரர்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்பார்கள். ஞாயிறு ஓய்வு, திங்கள் உழைப்பு என்றிருந்த வண்டிக்குதிரைகளின் காலத்துப் பெயர் அது. கூட்டமில்லாத வாரநாள்களில் நின்றுவிட்டு விடுமுறை நாளில் ஏரியைச் சுற்றும் குதிரைக்கும் அது வரலாம். மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரு ரத்தப் பூச்சும் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) தசை நொதிகளுக்கான ரத்தப் பரிசோதனையும் போதும். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். யார் குற்றம் என்று உரிமையாளரோடு வாதிடுவதை அந்த முடிவு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை குதிரைக்கு வேலை வேண்டாம். நிழல், நிறையத் தண்ணீர், நல்ல காய்ந்த புல் போதும். காலையும் மாலையும் மேலுதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு காகிதம்போல் வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது நின்ற நிலையிலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால், மருத்துவரை இரவானாலும் வரவழையுங்கள். பூண்டு மட்டுமே காரணமாக இருந்து, அது நின்றும் விட்டால், பெரும்பாலும் சில வாரங்களில் ரத்தம் ஊறிவிடும்.

ஈக்குப் பூண்டு கொடுக்கும் பழக்கம் வெளிநாட்டு லாயங்களிலும் உண்டு. கடையில் பொடியாகவே விற்கிறார்கள். அது ஈயை விரட்டுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை. ஈ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி தெரியும்: வீட்டு ஈ லத்தியில் முட்டையிடுகிறது, கடிக்கும் லாய ஈ சிறுநீரில் நனைந்து லத்தி கலந்த வைக்கோலிலும் தூளிலும் பெருகுகிறது. வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஒன்றரை வாரம்கூட ஆகாது. எனவே தினமும் லத்தியை வாரி, ஈரமான தூளை வாரம் இருமுறையாவது சுரண்டி எடுத்து, தண்ணீர்த் தொட்டி வழிந்து சேறாகும் இடத்தில் சரளை போட்டால், ஒரு கூடைப் பூண்டு செய்யாததை அது செய்யும். அந்த உரிமையாளர் மீண்டும் கேட்டால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

லாயத்துக் கூரையிலிருந்து எஞ்சிய பூண்டை இன்றே இறக்கிவிடுங்கள். மேல்மலை வீடுகளில் அடுப்புப்புகை படும்படி பரணில் பூண்டுக் கட்டைத் தொங்கவிடுவது நல்ல வழக்கம். அந்தப் பரணின் கீழே இருப்பது அடுப்பு, அது உலர்ந்த சூட்டைத் தரும். லாயத்துப் பரணின் கீழே இருப்பதோ ஆறு குதிரைகளின் மூச்சு ஈரமும், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும். அங்கே பூண்டு உலராது, வியர்க்கும். உங்கள் பூண்டு அழுகியதில் அந்தக் கூரைக்கும் ஒரு பங்கு உண்டு. கூரையை எட்டும் கழுத்து குதிரைக்கு இருக்கிறது என்பதை நீங்கள் இப்போது பார்த்தும்விட்டீர்கள்.

அழுகலின் பெரும்பங்கு பாத்தியிலேயே தொடங்கியது. இந்த இடத்தில் நான் மருத்துவனாக அல்ல, வீட்டில் பாத்தி போட்டு ஒரு பருவத்தை இதேபோலக் கெடுத்துக்கொண்டவனாகப் பேசுகிறேன். மரத்தூள் முழுக்கக் கரிமம். தழைச்சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். அதை மண்ணில் கலந்தவுடன், அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு மிச்சமில்லை, அதனால்தான் முதலில் மஞ்சளடித்தது. சில மாதங்களில் தூள் மக்கியதும் அந்தச் சத்து ஒட்டுமொத்தமாக வெளியே வருகிறது. அது வரும் நேரமோ, பூண்டு இலை விடுவதை நிறுத்திக் காய் பிடிக்க வேண்டிய நேரம். அப்போது தழைச்சத்து ஏறினால் தாள் கொழுக்கும், கழுத்து தடிக்கும், பக்கத்தில் புதுத்தளிர் வெடிக்கும். தடித்த கழுத்து காயாது; காயாத கழுத்து வழியே பூசணம் உள்ளே போகும். நீங்கள் வரிசையாக எழுதிய நான்கு குறைகளும் ஒரே தவறின் நான்கு கட்டங்கள்.

அளவும் ஒரு தவறு. மலைப்பகுதிப் பூண்டுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு மக்கிய தொழு உரம் 50 டன். அதாவது சென்ட்டுக்கு ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் நான்கு சென்ட்டுக்கு 800 கிலோ போதும். குதிரை ஒன்று லத்தியும் சிறுநீருமாகத் தன் எடையில் இருபதில் ஒரு பங்கைத் தினமும் தருகிறது; 275 கிலோ குதிரைக்கு 14 கிலோ, ஆறுக்கு 84 கிலோ, மாதத்துக்கு இரண்டரை டன். மக்கும்போது எடை பாதியாகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் பாத்தி கேட்பது இருபது நாள் லத்தியைத்தான். மீதி பதினோரு மாதத்து லத்தி எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. சரிவில் தள்ளிவிடுகிறீர்கள் என்றால் முதல் மழையிலேயே அது கீழுள்ள ஓடையில் சேரும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருப்பார்கள். சுற்றிலும் உருளையும் கேரட்டும் பூண்டும் விளையும் ஊரில் மக்கிய எருவுக்கு வாங்க ஆள் இல்லாமல் போகாது. லாயத்தின் வரவில் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

மக்கவைப்பது கடினமில்லை, ஆனால் மலைக்குளிரில் குவியல் சிறிதாக இருந்தால் சூடேறாது. ஒன்றே கால் மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாமல் குவியுங்கள். தூள் மிகுதியாக இருந்தால் பச்சைப் புல், காய்கறிக் கழிவு, கிடைத்தால் மாட்டுச் சாணக் கரைசல் சேருங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு தெரிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. மேலே தார்ப்பாய் போடுங்கள். நான்காம் நாள் ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்து, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் உள்ளே 55 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று கொள்ளலாம். களை விதையும் குடற்புழு முட்டையும் சாவது அந்தச் சூட்டில்தான். வெளிப்புறம் உள்ளே போகும்படி இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நான்கைந்து மாதத்தில் தூளின் மஞ்சள் நிறம் மறைந்து, லத்தி நெடி போய், மழைபெய்த காட்டு மண்ணின் வாசம் வந்தால் பாத்திக்கு ஆயிற்று. ஐப்பசியில் நடப்போகிறீர்களென்றால் வைகாசிக்குப் பிறகு வாரிய லத்தி அந்தப் பாத்திக்கு வேண்டாம். அழுகிய பூண்டையும் தாளையும் மட்டும் இந்தக் குவியலில் போடாதீர்கள். வெள்ளழுகல் நோய்க்கிருமி மண்ணில் இருபது ஆண்டுகள்வரை உறங்கிக் கிடக்கக்கூடியது, அதை எரித்துவிடுவதே நல்லது.

நடவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது உங்களைப் போன்றவர்களின் கைப்பக்குவத்தால்தான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மிஞ்சிய காய்களிலிருந்து விதைப் பல் எடுக்காதீர்கள். நோயில்லாத தோட்டத்துப் பூண்டை வாங்கி, பருத்த வெளிப்பற்களை மட்டும் 15 சென்டிமீட்டர் வரிசையில் 10 சென்டிமீட்டர் விட்டு நடுங்கள். போன பருவப் பாத்தியில் இந்த முறை கேரட்டோ பட்டாணியோ போட்டுவிட்டு, பூண்டை வேறு மூலைக்கு மாற்றுங்கள்.

லத்தி அள்ளும் கை உங்களுடையது என்பதால் இன்னொன்று. குதிரையின் குடலில் டெட்டனஸ் கிருமி வாழ்கிறது, அதன் வித்துகள் லத்தியோடு மண்ணில் சேர்கின்றன. தோட்டத்தில் முள் குத்தினாலும் மண்வெட்டி வெட்டினாலும் அதுவே வழி. வீட்டில் பாத்தியில் இறங்கும் அத்தனை பேரும் பத்தாண்டுக்குள் அந்தத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குதிரைகளுக்கும் ஆண்டுதோறும் போட வேண்டும், ஏனென்றால் இந்த நோய்க்கு அவற்றைப் போல எளிதில் இரையாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை.

ஆறு வெவ்வேறு உரிமையாளர்களின் குதிரைகள் ஒரே கூரையின்கீழ் நிற்பதால், புதிதாக ஒன்று வரும்போது மூன்று வாரம் தனி இடம், தனி வாளி, தனித் துடைப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைகளிடையே பரவும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லையென்ற பரிசோதனைச் சான்று இல்லாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். கால்நடைத்துறை வழியாக ரத்தநீரை அனுப்பினால் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் பார்க்கிறார்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோயும்கூட. ஒரு குதிரைக்கு வந்தால் உங்கள் லாயமே மூடப்படும்.

இனிப் பணம். கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பது குதிரையைப் பற்றிய பழமொழி. உரிமையாளர்கள் சிலருக்கும் பொருந்தும். பிறர் பொருளைத் திருப்பித்தரும் பொறுப்போடு வைத்திருப்பவரின் கடமைகளை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவிலிருந்து சொல்கிறது. அதன் 151-ஆம் பிரிவு, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது. கூரையில் பூண்டு தொங்கியது அந்த அளவுகோலில் உங்களுக்குப் பாதகம். ரத்தப் பரிசோதனை பூண்டைக் காட்டினால், மருத்துவச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு சமாதானமாக முடிப்பது நல்லது என்பது என் கருத்து. தினமும் பூண்டு கொடுக்கச் சொன்னவர் அவரே என்பதை அப்போது நினைவூட்டலாம், உரத்த குரலில் வேண்டாம்.

பணம் தராதவரின் குதிரையை விற்கும் உரிமை உங்களுக்குத் தானாக வந்துவிடாது. பிடித்துவைத்துக்கொள்ளலாமா என்பதையும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டே முடிவெடுங்கள். முதலில் நிலுவை, தீனிச் செலவு, பதில் தரவேண்டிய தேதி ஆகியவற்றைக் குறித்து, ஒப்புகை கிடைக்கும்படி அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். பணம் வரவில்லையென்று தீனியைக் குறைத்துவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, உரிமையாளரை மட்டுமல்ல, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் அதன் நலனுக்குக் கடமைப்படுத்துகிறது. மற்ற ஐவரிடமும் இப்போதே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: கட்டணம் எந்தத் தேதியில், எத்தனை நாள் தாமதமானால் என்ன, லாடமும் குடற்புழு மருந்தும் யார் செலவு, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாதபோது மருத்துவரை அழைக்க உங்களுக்கு எவ்வளவு ரூபாய்வரை அனுமதி, லத்தி யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் எரு விற்கத் தொடங்கியதும் சிரிக்கமாட்டார்கள்.

அந்தப் பெட்டைக் குதிரை உண்மையிலேயே சினையாக இருந்தால், குட்டியும் உங்களுடையதாகாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு, ஒருவர் மற்றவரிடம் விட்டுச்சென்ற பசு கன்று ஈன்றால் பசுவோடு கன்றையும் திருப்பித்தர வேண்டும் என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. ஆகவே குட்டி வந்தால் கணக்கு நேராகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பூண்டு தின்ற குதிரைக்கு ரத்தம் எடுக்க வரும் மருத்துவரிடமே இதற்கும் சினைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய பதினோரு மாதம். கடைசி மூன்று மாதத்தில் தீனியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். அந்தச் செலவையும் கடிதத்தில் எழுதும் நிலுவையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.